ஆறேகால் மணித் திட்டு

இந்தக் கதையில் கெட்ட வார்த்தை வரும். எழுதத் தகுந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை உங்கள் தெருவில் கேட்டதை வைத்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், கண்ணுங்களா. முடிவும் நல்ல முடிவு இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நம்பிக்கை வைத்துவிட்டு அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மர்பி டவுனில் எங்கள் சந்துக்குள் ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் பச்சைக் கதவு போட்ட வீடு ஆண்ட்ரூவுடையது. மூன்று வீடு தள்ளி முனிராஜ். இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து கூட்டு. ஒருத்தனை ஒருத்தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முனிராஜுக்கு ஆண்ட்ரூ 'பேமானி'. ஆண்ட்ரூவுக்கு முனிராஜ் 'பொறம்போக்கு'. முனிராஜ் தன் கல்யாணப் பத்திரிகை உறையின் மேல் 'பேமானி, குடும்பத்துடன் வரவும்' என்று எழுதிக் கொடுத்தான். கல்யாணமே ஆகாத ஆண்ட்ரூ அந்த உறையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்தான், சிலுவைக்குப் பக்கத்திலேயே.

எங்கள் சந்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். இங்கே ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்கிற வரைக்கும் உறவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நேற்று வரை 'வாடா' என்றவன் இன்றைக்கு 'வாங்க' என்றால், ஏதோ முடிந்துபோய்விட்டது.

ஆண்ட்ரூ லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கிட்னியும் போய்விட்டன. அல்சூர் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற இடத்தில் டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குப் போய்ப் படுக்க வேண்டும். நேரம் தவறினால் அந்தப் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். "ஒரு தடவை விட்டா காலு வீங்கும். அடுத்தடுத்து ரெண்டு தடவை விட்டா இதயம் எப்ப நிக்கும்னு எங்களுக்கே தெரியாது" என்று அங்கிருக்கும் நர்ஸ் அவன் தங்கை குளோரியாவிடம் சொல்லியிருந்தாள்.

குளோரியா ஒரு பள்ளிக்கூட வேனில் ஆயா. ஐந்தரைக்கே கிளம்பிப் போய்விடுவாள். அப்புறம் வீட்டில் ஆண்ட்ரூ தனி ஆள். எழுந்திருக்க மாட்டான்.

"பெரிம்மா, வாரத்துக்கு ரெண்டு நாளு ரத்தத்த வெளிய எடுத்துத் தொவைச்சு உள்ள ஊத்துறாங்க. நான் என்ன துணியா?" என்பான் என்னிடம்.

அவனை எழுப்புகிற வேலை முனிராஜுடையது. முனிராஜ் ஒரு கான்ட்ராக்டரிடம் கேப் ஓட்டுகிறான். காலையில் இந்திரா நகர், சி.வி. ராமன் நகர் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி வைட்ஃபீல்டில் ஒரு ஐடி ஆஃபீஸில் இறக்கிவிட வேண்டும். ஆறேகால் மணிக்கு வண்டி எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். காதில் மாட்டிய இயர்ஃபோனில் அங்கிருந்தே கூப்பிடுவான். ஆண்ட்ரூ படுத்தபடியே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வயிற்றின் மேல் வைத்துக்கொள்வான். சந்து முழுக்கக் கேட்கும்.

"எந்திரிடா பேமானி! மணி ஆறேகால். இன்னும் போத்திக்கினு கெடக்குறியா கழிசடை? உன்ன பல்லக்குல தூக்கினு போவணுமா? நர்ஸு ஊசிய தீட்டி வெச்சுக்கினு காத்துனு இருக்கா. எந்திரிக்கிறியா, இல்ல வண்டிய திருப்பிக்கினு வந்து வாளித் தண்ணிய ஊத்தட்டுமா?"

நடுவில் வருகிறதை விட்டுவிட்டேன். அவன் அப்பா, தாத்தா, அவர்கள் குடித்த சாராயம் வரைக்கும் போகும்.

"போடா பொறம்போக்கு. உன் வாயிக்குப் பயந்துனு எழுந்துக்குறேன்" என்று ஆண்ட்ரூ எழுந்து பல் தேய்ப்பான். எதிர் வீட்டு லட்சுமம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பில் பால் வைப்பாள். எங்களுக்கு அதுதான் மணி.

ஒரு நாள் கேட்டேன். "ஏம்ப்பா ஆண்ட்ரூ, குளோரியா கெஞ்சினா எழுந்துக்க மாட்டேங்குற. இவன் திட்டினா எழுந்துக்குற. என்ன கணக்கு இது?"

"எல்லாரும் என்கிட்ட சாவப் போறவங்கிட்ட பேசுற மாதிரி பேசுறாங்க பெரிம்மா. மெதுவா, பாசமா. இவன் ஒருத்தன்தான் நான் இன்னும் நூறு வருஷம் இருக்கப் போற மாதிரி திட்டுறான்."

போன வருஷம் புரட்டாசி மாதம் தீபிகா என்று ஒரு பெண் அந்த ஆஃபீஸில் புதிதாகச் சேர்ந்தாள். கரூர்ப் பக்கம். முதல் நாள், முதல் ஆளாக அவளைத்தான் முனிராஜ் ஏற்றினான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், வண்டியில் அவள் மட்டும். ஆறேகாலுக்கு ஓட்டுகிறவர் திடீரென்று ஃபோனில் யாரையோ வெட்டிப் போடுகிற மாதிரி திட்ட ஆரம்பித்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நடுங்கிப்போய்விட்டாள். ஆஃபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் மேல் தப்புச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் பேத்தியாக இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

கான்ட்ராக்டர் உடனே டிரைவர்களுக்கு வகுப்பு வைத்தார். சூப்பர்வைசர் மஞ்சுநாத் நல்ல மனுஷன். கோயில் அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை, வாயில் ஒரு கெட்ட சொல் வராது. அவர் கையில், வண்டியில் பேசக் கூடாத வார்த்தைகள் என்று ஒரு பட்டியல். கன்னடம், இந்தி, தெலுங்கு மூன்றும் தயார். தலை நிமிராமல், காதெல்லாம் சிவக்க அவர் படிக்கப் படிக்க டிரைவர்கள் எல்லோரும் ஏதோ பரிசளிப்பு விழா மாதிரி கை தட்டினார்கள்.

"தமிழ் மாத்ர சிக்லில்லா குரு" என்றார் மஞ்சுநாத். தமிழ் வார்த்தைகள் மட்டும் கிடைக்கவில்லையாம். "முனி, ஸ்வல்ப ஹெல்ப் மாடு." கொஞ்சம் உதவி பண்ணு என்கிறார்.

முனிராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் அவனை ஒருவரும் இப்படி எழுப்பி நிற்க வைத்து ஒன்றும் கேட்டதில்லை. எழுந்து நின்றான். சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் வரிசையாக, எது எந்த ஏரியா, எதை யாரிடம் சொன்னால் அடி விழும், எதைச் சொன்னால் டீ வாங்கித் தருவான் என்று விளக்கத்தோடு இருபத்தைந்து வார்த்தை சொன்னான்.

"அண்ணா, உனக்கு டாக்டர் பட்டம் குடுக்கணும்ணா!" என்று கத்தினான் ரங்கா என்கிற டிரைவர்.

உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். "சார், 'பேமானி'யும் எழுதிக்குங்க. பழைய வார்த்த. எங்க மர்பி டவுன் ஸ்பெஷல்."

மஞ்சுநாத் இருபத்தாறாவதாக அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் எல்லா வண்டியிலும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டப்பாவை ஒட்டினார்கள். அதில் சிவப்பாக ஒரு புள்ளி வெளிச்சம். டிரைவர் வாயிலிருந்து பட்டியலில் இருக்கிற வார்த்தை வந்தால் அது ஆஃபீஸுக்குச் சொல்லிவிடும். மூன்று தடவை ஆனால் டிரைவர் அடையாள அட்டை பிளாக். அப்புறம் அந்தக் கம்பெனி மட்டுமில்லை, எந்தக் கம்பெனிக்கும் வண்டி எடுக்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதில் முனிராஜை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அவன் பெண் ஷில்பா அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

முதல் தடவை, பழைய மெட்ராஸ் ரோட்டில் பைக்கில் ஒருத்தன் குறுக்கே வந்தபோது ஆனது. அது மூச்சு விடுகிற மாதிரி தானாக வந்தது, என்ன செய்ய. இரண்டாவது, அதே வார வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்கு. "எந்திரிடா பேமானி" என்றதுதான் தாமதம், டப்பாவில் புள்ளி இரண்டு தடவை மின்னியது.

முனிராஜ் மஞ்சுநாத்திடம் ஓடினான். "சார், அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க சார். அது திட்டு இல்ல, அது அவன் பேரு."

"நீனே தானே குரு ஹேளித்து" என்றார் மஞ்சுநாத் பாவமாக. நீதானே சொன்னாய் என்கிறார். "ஹெட் ஆஃபீஸுக்குப் போச்சு. இனிமே யாராலயும் எடுக்க ஆகல்லா."

"பின்னால உக்கார்ற பரத் சாரு மூச்சுக்கு மூச்சு இங்கிலீஷ்ல ஒரு கெட்ட வார்த்தைய சொல்றாரே சார். அத டப்பா கேக்காதா?"

"அவரு பேசறது அவர் டென்ஷன், முனி. நம்முது பைகுளா." பைகுளா என்றால் வசவு. அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

அதற்கப்புறம் இரண்டு மாசம் எங்கள் சந்தே சேர்ந்து என்னென்னவோ செய்து பார்த்தது.

முனிராஜ் ஐந்து மணிக்கு, டூட்டிக்கு முன்னால், நேரில் போய்த் திட்டினான். ஆண்ட்ரூ எழுந்து அரை டம்ளர் டீ குடித்துவிட்டு, அவன் போனதும் மறுபடி படுத்துக்கொண்டான். வண்டியை ஓரம் கட்டி இறங்கித் திட்டலாம் என்றால், நிறுத்தம் இல்லாத இடத்தில் இரண்டு நிமிஷம் நின்றாலே கன்ட்ரோல் ரூமிலிருந்து ஃபோன் வரும். அப்புறம் ராத்திரியே திட்டி ரெக்கார்டு செய்து அனுப்பினான். காலையில் ஆண்ட்ரூ அதைப் போட்டுக் கேட்டுச் சிரித்தான். சிரித்தபடியே திரும்பிப் படுத்தான். "ரேடியோவுல வர்ற திட்டுக்கு எவன்டா எழுந்துப்பான்? நான் பதில் சொன்னா அது கேக்குமா?"

முனிராஜின் பெண்டாட்டி விஜி இடுப்பில் கை வைத்து வாசலில் நின்று, "எந்திரிண்ணா பே... பேமானி" என்றாள். சொல்லி முடிக்கிறதுக்குள் முகம் கோணிப்போய்ச் சிரித்துவிட்டாள்.

"வேணாம் தங்கச்சி. உன் வாயில அது நல்லால்ல" என்றான் ஆண்ட்ரூ.

நானும் போனேன். எனக்கு என்ன திட்டத் தெரியாதா? ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் "எந்திரி ராஜா" என்றுதான் வந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சில நாள் போனான், சில நாள் போகவில்லை. கார்த்திகையில் ஒரு செவ்வாய் தவறிப்போனது. அடுத்த வெள்ளி கட்டாயம் போக வேண்டும். குளோரியா வியாழக்கிழமை சாயங்காலம் முனிராஜ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "லீவு போடுண்ணா" என்றாள். அவன் கேட்டுப் பார்த்தான். ஆள் இல்லை என்றுவிட்டார்கள். "நான் ஃபோன்லயே எழுப்பிடுவேன், நீ போ" என்றான்.

வெள்ளிக்கிழமை டின் ஃபேக்டரி சந்திப்பில் நெரிசல். வண்டி நகரவில்லை. பின்னால் தீபிகா, பரத். பரத் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமோ அந்த இங்கிலீஷ் வார்த்தையை வாக்கியத்துக்கு இரண்டாகப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். ஆறு பத்துக்கு முனிராஜ் ஃபோன் அடித்தது. ஆண்ட்ரூ. அவனாக ஒரு நாளும் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டதில்லை.

இந்தப் பேச்சை முனிராஜ் எனக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். ஒரு வார்த்தை மாறாது.

"டேய் பொறம்போக்கு."

"சொல்லுங்க."

"காலு தூணு மாதிரி வீங்கிப் போச்சுடா. மூச்சு வேற வாங்குது. இன்னைக்கு விட்டுடலாமா?"

திட்டச் சொல்லித்தான் கேட்கிறான். அது முனிராஜுக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. நிமிர்ந்தால் சிவப்புப் புள்ளி. எதிரே கண்ணாடியில் தீபிகாவின் முகம். வார்த்தை எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது என்று யோசித்தான். அவனுக்குத் தெரிந்த வார்த்தை எல்லாம் பட்டியலில் இருந்தது. அவனே கொடுத்ததுதான்.

"ஆண்ட்ரூ, தயவு செஞ்சு கெளம்புங்க. லேட் பண்ணாதீங்க. ஒடம்பப் பாத்துக்குங்க."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிறது கேட்டது.

"என்னடா, பேரெல்லாம் சொல்ற?" என்றான் ஆண்ட்ரூ. "டாக்டரு உன்னாண்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்லீங்க. டூட்டில இருக்கேன்."

"ஓ." மறுபடி மூச்சு. "சரிங்க முனிராஜ்."

வைத்துவிட்டான்.

நாற்பத்தாறு வருஷத்தில் அவன் வாயில் அந்தப் பெயர் வந்தது அது ஒரு தடவைதான்.

வண்டி மெல்ல நகர ஆரம்பித்தது. தீபிகா முன்னால் குனிந்து சொன்னாள்: "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல உங்களப் பாத்து ரொம்ப பயந்துட்டேன். இப்ப எவ்ளோ மரியாதையா பேசுறீங்க!" அந்தப் பிள்ளை மனசாரச் சொன்னாள். அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

வைட்ஃபீல்டில் அவர்களை இறக்கிவிட்டு வண்டியை விட்டு வெளியே வர ஏழே முக்கால் ஆகிவிட்டது. முதலில் விஜிக்கு ஃபோன் செய்தான். "ஓடு, அவன் போனானான்னு பாரு." விஜி போகிற அவசரத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன்.

பச்சைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. ஆண்ட்ரூ நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டியிருந்தான். ஆஸ்பத்திரிப் பை பக்கத்தில். ஒரு காலில் செருப்பு இருந்தது. அதிகம் வீங்கின இன்னொரு காலுக்குச் செருப்பு ஏறவில்லை, பாதி விரலில் தொங்கியது. கிளம்பத்தான் உட்கார்ந்தானா, முனி மறுபடி கூப்பிடுவான் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தானா, எனக்குத் தெரியாது. இரண்டையும் முனிராஜ் தினம் கேட்கிறான். உடம்பு இன்னும் முழுசாகக் குளிரவில்லை.

அவன் மடியில் ஃபோன் அடித்தது. விஜி எடுத்தாள். எப்போதும் போல அது ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"எந்திரிடா பேமானி!" என்று அறை முழுக்க அதிர்ந்தது முனிராஜ் குரல். வைட்ஃபீல்டில் கார் நிறுத்துகிற இடத்தில், டப்பாவுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, இரண்டு மாசமாக அடக்கி வைத்தது எல்லாவற்றையும் திட்டினான். "கழிசடை! மரியாத குடுத்தா மதிக்க மாட்டியா? நீங்க வாங்கன்னா நெசம்னு நம்பிடுவியா? மூஞ்சியப் பாரு! அந்த டப்பாவுக்காகப் பேசினேன்டா முட்டாளு! எந்திரி, ஆட்டோ புடி, நான் அவங்க காலுல வுழுந்து பெட்டு வாங்கித் தரேன். பேசுடா! வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுடா பேமானி!"

விஜி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. இருபத்தாறு வார்த்தையும் வந்தது. அதற்கு மேலும் வந்தது. லட்சுமம்மா அது கேட்டுத் தன் வாசலில் நின்று, "அப்பாடா, இன்னைக்குத் திட்டுறான்" என்று சிரித்தாள். அவளுக்கு உள்ளே இருக்கிறது தெரியாது.

நான்தான் ஃபோனை வாங்கினேன். "முனி" என்றேன். "போதும் ராஜா. நிறுத்திக்கோ."

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். எங்கள் ஆட்கள் போகிறவனைத் திட்டித்தான் அழுவார்கள். ஏன்டா விட்டுட்டுப் போன, பாவி, நன்றி கெட்டவனே என்று. முனிராஜ் என்ன திட்டப் போகிறானோ என்று எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

முனிராஜுக்கு வேலை இருக்கிறது. மார்கழியில், இரண்டு மாசமாக அவன் வண்டிக்கு ஒரு புகாரும் இல்லை என்று மஞ்சுநாத் ஒரு சர்டிஃபிகேட்டும் ஒரு பெட்டி மைசூர்பாகும் கொடுத்தார். விஜி மைசூர்பாகைச் சந்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். சர்டிஃபிகேட் எங்கே போனதென்று கேட்கவில்லை. சுவரில் இல்லை.

அவன் ஃபோனில் செவ்வாயும் வெள்ளியும் ஆறேகாலுக்கு அலாரம் இன்னும் அடிக்கிறது.

"அண்ணா, ஃபோன் அடிக்குது பாருங்க" என்பாளாம் தீபிகா.

"ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்று நிறுத்திவிடுவானாம்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வருகிறவனிடம் சந்தில் ஒருவரும் முன்னே மாதிரி பேசுகிறதில்லை. சாப்பிட்டீங்களா, ஒடம்பப் பாத்துக்குங்க என்கிறார்கள். மெதுவாக, பாசமாக. அவன் தலையாட்டிவிட்டுப் பச்சைக் கதவைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுகிறான். அவனைத் திட்ட வேண்டும் என்று நானும் தினம் நினைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் "வா ராஜா" என்றுதான் வருகிறது.